தமனியும் போர்ட்டல் சிரையும் சேர்ந்துகொண்டால்: வார்டு நாட்குறிப்பு

மார்ச் 4

குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் கூடியது என்றாலே மனம் சிரோசிஸுக்கு (கல்லீரல் தழும்பேறிப்போகும் நோய்) ஓடும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் மதுப் பழக்கம் இல்லை, ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டும் இல்லை, கல்லீரலின் விளிம்பும் வழுவழுப்பாக இருக்கிறது. அப்படியிருந்தும் உணவுக்குழாய்ச் சிரைகள் புடைத்து நோயாளி ரத்த வாந்தி எடுக்கிறார் என்றால், ரத்தம் ஓடும் பாதையையே சந்தேகிக்க வேண்டும். போர்ட்டல் சிரையில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறதா? இல்லையென்றால் தமனி–போர்ட்டல் ஃபிஸ்டுலா, அதாவது தமனிக்கும் போர்ட்டல் சிரைக்கும் நடுவே இருக்கக்கூடாத நேரடி இணைப்பு, இருக்கிறதா?

போர்ட்டல் சிரையில் இயல்பான அழுத்தம் 5 முதல் 10 மி.மீ. பாதரசம். தமனியில் சராசரி 90ஐ ஒட்டி. நடுவில் நுண்குழாய்கள் இல்லாமல் இரண்டும் சேர்ந்தால், தமனியின் வேகம் அப்படியே சிரையில் பாய்கிறது.

மார்ச் 6

பழைய கதையைக் கேட்காமல் விடக்கூடாது. கல்லீரல் பயாப்ஸி (ஊசியால் திசு எடுத்தல்), பித்தநாளத்தில் போட்ட குழாய், கத்திக்குத்து, விபத்து, வயிற்று அறுவை: நடந்து பல வருடம் ஆகியிருந்தாலும் கணக்கில் வரும். மண்ணீரல் தமனியின் வீக்கம் பக்கத்துச் சிரைக்குள் உடைவதும் உண்டு. குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இருக்கலாம். விளங்காத வயிற்றுப்போக்கும் ஒரு தடயம்தான். குடல் சிரைகளில் ரத்தம் தேங்குவதால் வருவது அது.

வலது விலா எலும்புகளுக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, மூச்சை அடக்கச் சொல்லிக் கேளுங்கள். இதயத்துடிப்போடு ஏறி இறங்கி, இடையில் நிற்காமல் ஓடும் இரைச்சல் கேட்டால் பாதி நோயறிதல் முடிந்தது. ஒரு நிமிட வேலை, ஆனாலும் அதிகம் விடுபடுவது இதுதான்.

மார்ச் 9

டாப்ளரில் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) போர்ட்டல் சிரையின் அலை மெல்ல நெளிந்து போக வேண்டும். தமனிபோல் துடித்தாலோ, ஓட்டம் கல்லீரலை விட்டு எதிர்த்திசையில் திரும்பினாலோ ஃபிஸ்டுலாவைத் தேடுங்கள்.

சி.டி. கேட்கும்போது தமனிக் கட்டம் (மருந்து தமனிகளில் ஓடும்போதே எடுக்கும் படம்) வேண்டும் என்று எழுதியே கொடுக்க வேண்டும். ஒளிரவைக்கும் மருந்து செலுத்திய 25–35 விநாடியில் போர்ட்டல் சிரை பெருந்தமனிக்கு இணையாக ஒளிர்ந்தால் அது இயல்பல்ல. 70ஆவது விநாடியில் மட்டும் படம் எடுத்தால் அந்தச் சிரை எல்லோருக்கும் ஒளிரும். ஃபிஸ்டுலா கண்ணெதிரே இருந்தும் தெரியாது.

இன்னொரு பொறி: கல்லீரல் சிரை வழியாக அளக்கும் அழுத்த வேறுபாடு 5 மி.மீ.க்குள் இருக்கிறதே என்று நிம்மதியடைவது. கோளாறு சைனுசாய்டுகளுக்கு (கல்லீரலின் நுண்குழாய்கள்) முன்னால் இருப்பதால் அந்த அளவு இயல்பாகவே வரக்கூடும்.

மார்ச் 13

பயாப்ஸிக்குப் பிறகு ஓரத்தில் வரும் சிறிய ஃபிஸ்டுலா பெரும்பாலும் தானே மூடும். டாப்ளரில் கண்காணித்தால் போதும். பெரிதாக இருந்தால் தமனி வழியே போய் காயிலோ (உலோகச் சுருள்) பிளக்கோ (அடைப்பான்) வைத்து அடைக்க வேண்டும். காயிலின் அளவு குழாயைவிட 20–30 சதவீதம் கூடுதலாக இருக்கட்டும்; சிறிதானால் ரத்த வேகம் அதைப் போர்ட்டல் சிரைக்குள் தள்ளிவிடும். இணைப்பு இருக்கும் இடத்திலேயே அடைக்க வேண்டும். தமனியைத் தொலைவில் அடைத்தால் பக்கக் கிளைகள் அதே ஃபிஸ்டுலாவுக்கு மறுபடி ரத்தம் கொண்டுவரும்.

மூடியபின் ஓட்டம் திடீரென்று குறையும், விரிந்த சிரையில் ரத்தம் உறையக்கூடும். மறுநாளே ஒரு டாப்ளர் அவசியம்.

மார்ச் 17

நேர்மாறான இணைப்பும் உண்டு. ஜான் அபர்நெதி 1793இல் விவரித்த பிறவிக் கோளாறில், குடலின் ரத்தம் கல்லீரலைத் தாண்டி நேரே பெருஞ்சிரைக்குப் போகிறது. இங்கே அழுத்தம் ஏறுவதில்லை. அம்மோனியா ஏறுகிறது, நுரையீரல் கெடுகிறது, கல்லீரலில் கட்டிகள் முளைக்கின்றன. மூடுவதற்கு முன் பலூனால் தற்காலிகமாக அடைத்து, போர்ட்டல் அழுத்தத்தை அளந்து, கல்லீரலுக்குள் இருக்கும் போர்ட்டல் கிளைகளையும் படமெடுக்க வேண்டும். ஸ்கேனில் இல்லவே இல்லை என்று தோன்றிய கிளைகள் அப்போது நூலிழைபோலத் தெரிவதுண்டு. கிளைகள் மெலிந்தும் அழுத்தம் மிகவும் ஏறியும் இருந்தால், ஒரே நாளில் முழுதும் மூடாமல் முதலில் குறுக்கி, கிளைகள் விரிந்தபின் மீதியை அடைப்பதே பாதுகாப்பு.