பி அண்ட் ஐடி ஷீட்டில் வால்வுகளுக்குக் கட்டம் போடுவது: இதுவரை

ஒரு பி அண்ட் ஐடி ஷீட்டை, அதாவது ஆலையின் குழாய்களையும் வால்வுகளையும் கருவிகளையும் காட்டும் வரைபடத்தைக் கொடுத்தால், அதிலுள்ள வால்வுகளை எல்லாம் கணினியே கண்டுபிடித்து டேக் நம்பரோடு (வால்வின் அடையாள எண்) பட்டியல் போட்டுத் தர வேண்டும். ஓய்வு நேரத்தில் செய்து பார்க்கும் வேலைதான். கம்பெனி வரைபடங்களை இதற்குத் தொடக்கூடாது என்பதால், டிசிஎஸ் ஆராய்ச்சிப் பிரிவினர் 2021-இல் வெளியிட்ட 500 செயற்கை வரைபடங்களில் ஆரம்பித்தேன். அதில் பழகிய யோலோ மாடல் (படத்தில் பொருட்களைக் கண்டுபிடிக்கும் ஏஐ நிரல்) பழைய ஸ்கேன் ஷீட்டைப் பார்த்ததும் திணறியது. சரி என்று, பொதுவில் கிடைக்கும் பழைய ஷீட்களைச் சேர்த்து, படங்களில் குறிபோட உதவும் சிவாட் மென்பொருளில், ஒவ்வொரு வால்வையும் சுற்றி நானே கட்டம் போட்டு வகையைக் குறிக்க உட்கார்ந்தேன். மாடலுக்கு அதுதான் பாடம்.

முதலில் அளவுக் கணக்கு. ஏ1 தாளை 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் நீளவாக்கில் 9,900 பிக்சலுக்கு மேல் வரும். 6 மில்லிமீட்டர் அகல வால்வு அதில் சுமார் 70 பிக்சல். முழு ஷீட்டையும் மாடலுக்குக் கொடுக்கும் 640 பிக்சலுக்குச் சுருக்கினால் அந்த வால்வு ஐந்து பிக்சல்கூடத் தேறாது. ஆகவே ஷீட்டை 640க்கு 640 துண்டுகளாக வெட்டுகிறேன். பக்கத்துத் துண்டுகள் 160 பிக்சல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். இந்த ஏற்றம் மிகப் பெரிய சிம்பலைவிடக் கூடுதலாக இருந்தால் போதும், எந்த வால்வும் ஏதாவது ஒரு துண்டிலாவது முழுசாக வந்துவிடும்.

நேரத்தை எல்லாம் விழுங்கியது வேறு: எது ஒரு வால்வு, அது எங்கே முடிகிறது? கேட் வால்வு படுக்கப் போட்ட உடுக்கை மாதிரி, இரண்டு முக்கோணம் முனை தொட்டு நிற்கும். அதில் பிரச்சினை இல்லை. கன்ட்ரோல் வால்வில் அதன்மேல் ஒரு தண்டும், தண்டின் மேல் அரைவட்ட டயாஃப்ரமும் இருக்கும். வால்வை இயக்கும் இந்தப் பகுதிதான் ஆக்சுவேட்டர். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கட்டம் போட்டால், பக்கத்துக் கோடும் எழுத்தும் உள்ளே வந்துவிடுகின்றன. மோட்டார், பிஸ்டன், சோலனாய்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வகையும் தேவைப்படுகிறது. அதனால் உடலுக்கு ஒரு கட்டம், ஆக்சுவேட்டருக்கு ஒரு கட்டம் என்று பிரித்து, இரண்டையும் பிறகு நிரலில் சேர்க்கிறேன். என்னைக் கேட்டால் இதுதான் சரியான வழி. கட்டம் அதிகமானாலும் வகைகள் குறைகின்றன.

அப்புறம் கறுப்பு. பல ஷீட்களில் மூடியே இருக்கும் வால்வின் முக்கோணங்களை நிரப்பிவிடுவார்கள். குளோப் வால்வுக்கு நடுவில் கறுப்புப் புள்ளி. மூன்றாம் தலைமுறை ஜெராக்ஸில் இரண்டும் ஒரே அழுக்குத்தான். இப்படிப்பட்ட இடத்தில் ஊகிக்காமல், 'தெளிவில்லை' என்றே ஒரு வகை வைத்திருக்கிறேன். லெஜண்ட் ஷீட் (எந்தச் சிம்பலுக்கு என்ன பொருள் என்று சொல்லும் தாள்) இல்லாத வரைபடத்தை எடுப்பதையும் விட்டுவிட்டேன். ஒரு கம்பெனியின் பால் வால்வு இன்னொரு கம்பெனியின் குளோப் வால்வு போல இருக்கும். அமெரிக்க எரிசக்தித் துறையின் 1993 கையேடு அடிப்படைச் சிம்பல்களுக்கு நல்ல துணை, ஆனால் கையிலிருக்கும் ஷீட்டின் லெஜண்ட் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

மாடல் அடிக்கடி ஏமாறுவது ரெடியூசரில், அதாவது குழாயின் அளவு மாறும் இடத்தில் வரும் இணைப்பில். கன்ட்ரோல் வால்வின் இரு பக்கமும் ரெடியூசர் வருவது சகஜம். அதைப் பாதி வால்வு என்று நினைத்துப் பிடித்துவிடுகிறது. ரெடியூசருக்கே தனி வகை கொடுத்துக் கட்டம் போட்ட பிறகு இந்தத் தொல்லை நன்றாகவே குறைந்தது. பயிற்சியில் படத்தை இடவலமாகத் திருப்பும் வசதி தானாகவே ஓடும். அதை நிறுத்தியாக வேண்டும். நான் என்ஆர்வி-க்கு (ஒரே திசையில் மட்டும் ஓட்டத்தை விடும் வால்வு) ஓட்டத் திசையையும் குறிக்கிறேன். படம் திரும்பினால் வலப்பக்க வால்வு இடப்பக்கம் பார்க்கும், லேபிள் மட்டும் பழையபடியே இருக்கும்.

டேக் நம்பரைப் பொருத்துவது இன்னும் பாதியில்தான் நிற்கிறது. எஃப்வி-101 என்றால் ஃப்ளோ வால்வு, எல்வி என்றால் லெவல் வால்வு. எனவே கடைசி எழுத்து வி, பிறகு கோடு, பிறகு எண் என்று தேடினால் பெரும்பாலானவை சிக்குகின்றன. ஆனால் சேஃப்டி வால்வின் அருகே '4பி6' என்று எழுதியிருக்கும்: நுழைவாய் 4 அங்குலம், ஆரிஃபிஸ் (உள்ளே இருக்கும் துளை) அளவு பி, வெளிவாய் 6 அங்குலம். எழுத்துணரி அதையும் டேக் என்று அள்ளி வருகிறது. எஃப்சி இன்னும் மோசம். வால்வின் கீழே இருந்தால் காற்று போனால் மூடிக்கொள்ளும் என்று பொருள், வட்டத்துக்குள் இருந்தால் ஃப்ளோ கன்ட்ரோலர். எழுத்து வட்டத்துக்குள் இருக்கிறதா என்று முதலில் பார்த்துப் பிரிக்கிறேன்.

கிட்டத்தில் இருக்கும் டேக்கை எடு என்ற விதி நெரிசலான ஷீட்டில் உதவாது. டேக் எழுதிய வட்டத்திலிருந்து வால்வுக்கு வரும் மெல்லிய கோட்டைப் பின்தொடரும் நிரலை எழுதிக்கொண்டிருக்கிறேன். புள்ளிக்கோடாக இருந்தால் நடுவில் அறுந்துபோகிறது. சாதாரணக் கை வால்வுகளுக்குப் பல ஷீட்களில் டேக்கே கிடையாது. அவற்றின் அளவை லைன் நம்பரிலிருந்துதான் (குழாயின் அடையாள எண்) எடுக்க வேண்டும். கோட்டுப் பின்தொடரல் ஒரு வழிக்கு வந்த பிறகுதான் அதைத் தொடப்போகிறேன்.