போகாச் சார் போன ஜூலை

மொழி தெரிந்த ஊர்தானே என்ற தைரியத்தில் கொழும்பில் வந்து இறங்கியவள் நான். 2025 பிப்ரவரி. சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேர விமானம். திருச்சியிலிருந்து சென்னைக்கு ரயிலில் வருவதற்கே அதைப்போல மூன்று மடங்கு ஆகும். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் ஓர் ஒழுங்கையில், மாடியில் சின்னதாக ஓர் அனெக்ஸ் கிடைத்தது. கீழே வீட்டுக்காரர்கள்: தபால் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அங்கிள், அன்ரி, அவர்கள் மகள், அவள் மகன். எல்லோரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே தங்கிவிட்டவர்கள். அன்ரி என்பதை நான் எங்கள் ஊர் வழக்கப்படி ஆன்ட்டி என்றுதான் முதலில் சொன்னேன். பையன் சிரித்தான். அப்புறம் நானும் அன்ரிக்கு மாறிவிட்டேன்.

வந்த மூன்றாம் நாளே ஒரு குழப்பம். "நேத்து உங்க அம்மா என்னை உட்கார வெச்சு அரை மணி நேரம் பேசினாங்க" என்று மகளிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அக்காவின் முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, ஏன் பேசினவா? என்ன நடந்தது?" இங்கே பேசுவது என்றால் திட்டுவது. நாங்கள் பேசுவதை இவர்கள் கதைப்பது என்கிறார்கள். தெரியாத மொழியாக இருந்தால் கவனமாக இருந்திருப்பேன். தெரிந்த மொழி என்பதால் வாயைத் திறந்த இடத்திலெல்லாம் மாட்டினேன். பஸ்ஸில் ஏறினால் சிங்களம் தெரியாத ஊமை, இறங்கி வீட்டுக்கு வந்தால் தமிழ் தெரிந்த கோமாளி. மாலையில் வேலை விட்டு வந்ததும் நேராக மாடிக்கு ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வேன். ஐந்து மாதம் அப்படித்தான் போனது.

ஜூலை 5, சனிக்கிழமை. இரவு எட்டரை மணி இருக்கும், கீழே ஒரே கூச்சல். பிரேமதாச மைதானத்தில் பங்களாதேஷோடு மேட்ச் இருந்த நாள் என்பதால் விக்கெட் விழுந்திருக்கும் என்று நினைத்துப் படியிறங்கினேன். ரிவியில் கிரிக்கெட் இல்லை, சைக்கிள்! நூற்றுக்கு மேற்பட்ட சைக்கிள்கள், வயல்வெளிக்கு நடுவில், காற்றில் சாய்ந்துகொண்டு.

"வாங்கோ பிள்ளை, இருங்கோ. காத்து உடைச்சுப் போட்டுது" என்றார் அங்கிள்.

தூர் த பிரான்ஸ். 23 அணிகள், அணிக்கு 8 பேர், மொத்தம் 184 பேர். 21 நாள் பந்தயம், இடையில் இரண்டு நாள் ஓய்வு, 3,300 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். எல்லா நாள் நேரத்தையும் கூட்டி, மொத்தத்தில் குறைந்த நேரம் எடுத்தவருக்குப் பட்டம். அன்று முதல் நாள், வட பிரான்ஸில் லீல் நகரைச் சுற்றி. பக்கக் காற்று அடித்து, மொத்தக் கூட்டத்தையும் இரண்டு துண்டாக்கிவிட்டது. ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய எவனபூல் பின் துண்டில் மாட்டி 39 நொடி இழந்தார். இத்தனை பெரிய ஆள் ஏன் முன்னால் போய்ச் சேர்ந்துகொள்ளக் கூடாது என்று கேட்டேன். அங்கிள் என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நீங்கள் சோளகக் காத்துக்கு எதிரா சைக்கிள் உழக்கினனீங்களே?"

நாங்கள் மிதிப்போம், இவர்கள் உழக்குவார்கள். உழக்கு என்ற சொல்லில்தான் கால் வலி சரியாகத் தெரிகிறது என்பது என் கட்சி.

முன்னால் போகிறவன் காற்றைக் கிழிக்கிறான், பின்னால் ஒட்டிப் போகிறவனுக்குப் பாதிச் சுமை குறைகிறது. ஒட்டு விட்டுப் போனால், எவ்வளவு பெரிய வீரனாக இருந்தாலும் தனியாகக் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். இதை அங்கிள் எந்த வர்ணனையாளரிடமும் கற்கவில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் கிடையாது, கரண்ட் கிடையாது, எல்லாமே சைக்கிள்தான். விறகு, மண்ணெண்ணெய், நோயாளி, கல்யாணப் பொம்பிளை, அத்தனையும் அதில்தான். இரண்டு மூன்று பேராகத் தூரம் போகும்போது முறை வைத்து முன்னுக்கு உழக்குவார்களாம். இரவில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். பி.பி.சி. தமிழோசை கேட்டதெல்லாம் அப்படித்தான். "செய்தி முக்கியமான இடத்துக்கு வரேக்கைதான் சுத்துறவனுக்குக் கை உளையும்" என்றார்.

மறுநாளிலிருந்து எனக்கு அந்த வீட்டு ஹாலில் ஒரு நாற்காலி நிலையானது. பிரான்ஸில் மாலை ஐந்தரைக்குப் பந்தயம் முடியும், நமக்கு இரவு ஒன்பது. அதற்குள் புட்டும் பிளேன்ரீயும் வந்துவிடும்.

மூன்று பேரும் பார்த்தது மூன்று வேறு பந்தயம். பையனுக்கு ஸ்லோவேனியாக்காரர் பொகாச்சர்தான் தெய்வம். அங்கிளுக்கு அவர் பெயர் முதல் நாளே வாகாகச் சிக்கிவிட்டது. "போகாச் சார் எண்டு பேரை வைச்சுக்கொண்டு என்ன போக்குப் போறான்!" ஒவ்வொரு மலையிலும் அவர் இதைச் சொல்வார், ஒவ்வொரு முறையும் நாங்கள் சிரிப்போம். ஆனால் அவர் மனசு வெல்கிறவர்களிடம் இல்லை. அணிக் காருக்குப் பின்வாங்கி வந்து, சட்டைக்குள் ஏழெட்டுத் தண்ணீர்ப் போத்தலைத் திணித்துக்கொண்டு, கர்ப்பிணிபோல் மறுபடி முன்னுக்கு உழக்கிக்கொண்டு போவார்களே, அவர்கள்தான் அவருக்கு வேண்டியவர்கள். பிரெஞ்சில் அவர்களுக்குப் பெயரே வீட்டு வேலைக்காரன் என்ற பொருளில்தான். "உவனுக்கு ஒரு கப்பும் குடுக்க மாட்டினம், பார்" என்பார்.

அன்ரி வீரர்களையே பார்க்கவில்லை. அவர் கண் வீதியோரத்தில்தான். இளைய மகன் பாரிஸில் இருக்கிறார், லாச்சப்பல் பக்கம் ஓர் உணவகத்துச் சமையலறையில் வேலை. பார்த்துப் பல வருஷம் ஆகிறது. பந்தயம் நடப்பது பிரான்ஸில், மகன் இருப்பதும் பிரான்ஸில், அது போதும் அன்ரிக்கு. பிரெனே மலையில் கொடி பிடித்துக் கத்துகிறவர்களுக்கு நடுவில் கறுப்பாக யாரைக் கண்டாலும் முன்னுக்கு வந்து ரிவியைத் தொடுவார். "அம்மா, பாரிஸிலை இருந்து இந்த இடம் எண்ணூறு கிலோமீட்டர்" என்று அக்கா சலித்துக்கொள்வாள். அதற்கு அன்ரியிடம் பதில் இருந்தது: "லீவு எடுத்திருந்தால்?"

சும்மா சில நொடி கடந்து போகிறவர்களுக்காகச் சனம் காலையிலிருந்தே கட்டிலும் குடையும் போட்டுக் காத்திருப்பது எனக்குப் புதிராக இருந்தது. அன்ரிக்கு அதில் புதிர் எதுவும் இல்லை. செட்டியார் தெருவிலிருந்து ஆடிவேல் தேர் புறப்பட்டு காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக்கு வரும்போது எத்தனை மணி நேரம் கால் கடுக்க நிற்கிறோம் என்று கேட்டார்.

பெரிய சண்டை ஜூலை 16 அன்று வந்தது. துலூஸ் நகருக்குள் நுழைய நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது இன்னொருவர் சக்கரத்தில் உரசி பொகாச்சர் விழுந்தார். முன்னால் போன போட்டியாளர்கள், டென்மார்க்கின் விங்கேகோர் உட்பட, வேகத்தைக் குறைத்து அவர் வந்து சேரும்வரை காத்திருந்தார்கள். அங்கிள் எழுந்து நின்று கைதட்டினார். விழுந்தவனை விட்டுவிட்டுப் போவது வடிவில்லை என்றார். வடிவு என்றால் அழகு.

பையன் சும்மா இருக்கவில்லை, தன் தெய்வம் பிழைத்ததையும் மறந்துவிட்டான். "அப்ப மத்யூஸுக்கு ஆர் தாத்தா காத்திருந்தவை?"

வீடு ஒரு நிமிஷம் அமைதியானது. 2023 நவம்பரில் டெல்லியில், உலகக் கோப்பை ஆட்டத்தில், ஹெல்மெட் வார் அறுந்துபோய் நின்ற இலங்கையின் ஏஞ்சலோ மத்யூஸுக்கு, குறித்த நேரத்துக்குள் பந்தை எதிர்கொள்ளத் தயாராகவில்லை என்று 'டைம்டு அவுட்' கேட்டு வாங்கினார்கள் பங்களாதேஷ்காரர்கள். சர்வதேசக் கிரிக்கெட்டில் அப்படி அவுட்டான முதல் ஆள் அவர். இந்த ஊரில் அது இன்னும் ஆறாத புண். அங்கிளால் பதில் சொல்ல முடியவில்லை. விதி விதிதான், காத்திருக்கச் சொல்லி எந்த விதியிலும் இல்லை என்று பையன். விதியில் இல்லாததைச் செய்வதுதான் மரியாதை என்று அங்கிள். நான் அங்கிள் பக்கம் சேர்ந்தேன். அக்கா வேண்டுமென்றே பையன் பக்கம். பத்து மணிவரை நடந்தது. அந்த வீட்டில் நான் குரலை உயர்த்திக் கதைத்த முதல் நாள் அது.

அடுத்த நாள் ஒத்தக்கம் மலை. முந்தின நாள் காத்திருந்தவர்களை அங்கே வைத்துக் கிழித்துப் போட்டார் பொகாச்சர். விங்கேகோரையே இரண்டு நிமிஷத்துக்கு மேல் பின்னால் விட்டார். பையன் ஒன்றும் சொல்லவில்லை, தாத்தாவைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தான். அங்கிள் புட்டைப் பிசைந்துகொண்டே முணுமுணுத்தார்: "காத்திருந்தவன் பெண்சாதியை..." அன்ரி முறைத்ததால் மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

ஜூலையின் கடைசி வாரத்தில் அங்கிள் ஒருநாள் கீழே வரச் சொல்லவில்லை. 1983 ஜூலைக் கலவரத்தில் அந்த ஒழுங்கையில் எரிந்த தமிழர் வீடுகளைப் பற்றிப் பக்கத்து வீட்டுப் பாட்டி ஏற்கெனவே என்னிடம் சொல்லியிருந்தார். நானும் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, அன்ரி மாடிக்கே வந்தார். "இண்டைக்குக் கெதியா முடிஞ்சிடும் பிள்ளை, மாட்டுக்கு வருத்தமாம்." மாட்டுக்கு என்ன கவலை என்று விழித்தேன். வருத்தம் என்றால் இங்கே நோய். அந்த வழியில் ஒரு மலையில் மாடுகளுக்குத் தோல் நோய் பரவியதால் அந்தப் பகுதியையே விலக்கி, 130 கிலோமீட்டர் ஓட்டத்தை 93 ஆகக் குறைத்துவிட்டார்கள். மூன்று வாரத்தில் பந்தய நிர்வாகம் செய்தவற்றில் அன்ரி மனமாரப் பாராட்டியது இதை ஒன்றைத்தான்.

கடைசி நாள், ஜூலை 27. பாரிஸ். வழக்கமாக ஷாம்ஸ் எலிசே பெருவீதியில் சுற்றி முடிப்பார்கள். இந்த முறை மொன்மார்த்ர் குன்றையும் மூன்று தடவை ஏற வைத்தார்கள், கல் பாவிய குறுகல் தெரு. லாச்சப்பலிலிருந்து நடந்தே போய்விடலாமாம். மகன் வேலைக்கு நேரம் மாற்றிக்கொண்டு லெப்பிக் தெருவில் நிற்கப் போவதாகச் செய்தி அனுப்பியிருந்தார். அன்ரி அன்று சேலை கட்டி உட்கார்ந்திருந்தார்!

அங்கே நல்ல மழை. வழுக்கலுக்குப் பயந்து, முடிவுக்கு 50 கிலோமீட்டர் முன்பே மொத்த நேரக் கணக்கை மூடிவிட்டார்கள். பொகாச்சருக்கு நான்காவது பட்டம் உறுதி, இனி மழையில் அவர் மெல்ல வந்தாலும் போதும். அவர் மெல்ல வரவில்லை. "உவன் என்ன விசரனே?" என்று அங்கிள் பதறினார். முதல் சுற்றில் குடைகள்தான் தெரிந்தன. இரண்டாவதிலும் குடைகள். அன்ரி ஒவ்வொரு குடையாக எண்ணிக்கொண்டிருந்தார். "ஏன்தான் இவ்வளவு குடை பிடிக்கினமோ" என்றார்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். வீட்டு இணைய இணைப்பு அந்த வாரம் படுத்துவிட்டது. டேட்டா இருந்தது அன்ரியின் போனில், மகன் அங்கிருந்து போட்டுவிடுவது. பையன் அந்தப் போனைத்தான் ரிவியோடு இணைத்திருந்தான்.

இரவு பதினொன்றை நெருங்கிவிட்டது. மூன்றாவது ஏற்றம். பெல்ஜியத்தின் வான் ஆர்ட் பொகாச்சருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு இருக்கையிலிருந்து எழும்புகிறார், பையன் கதிரையில் ஏறி நிற்கிறான், அந்த நொடியில் ரிவி கறுத்தது. பெரிய எழுத்தில் மகனின் பெயர். வீடியோ அழைப்பு.

"எடுக்காதைங்கோ அம்மம்மா!" என்று பையன் அலறினான். அன்ரி எடுத்தார்.

நாற்பத்திரண்டு அங்குல ரிவி முழுக்க மகனின் முகம். தலை நனைந்து, மூக்கு நுனியில் தண்ணீர் சொட்ட, பின்னால் சனக் கூச்சல். "அம்மா, வாறாங்கள், பாருங்கோ!" என்று போனைத் திருப்பினார். ஆடிய படத்தில் யாரோ ஒருவர் தனியாகக் கடந்தார். சில நொடி கழித்து, மொத்தக் கணக்கில் முதலில் நிற்பவருக்கான மஞ்சள் சட்டையில், பொகாச்சர்.

"ஆர் முன்னுக்கு? தம்பி, ஆர் முன்னுக்குப் போனது?" அங்கிள் ரிவிக்குக் கிட்டப் போய்க் காதைக் கொடுத்து நின்றார்.

"பெல்ஜியக்காரன் அப்பா! போகாச்சரை விட்டிட்டான்!"

"தலையைத் துடையடா முதல்" என்றார் அன்ரி. "சாப்பிட்டியா?"

மகன் சாப்பிட்டதையும், குடை கொண்டுவராததையும், சப்பாத்து நனைந்ததையும் சொல்லி முடிப்பதற்குள் வான் ஆர்ட் ஷாம்ஸ் எலிசேயில் தனியாக வந்து ஜெயித்துவிட்டிருந்தார். பையன் அதை மறுஒளிபரப்பில்தான் பார்த்தான். கொஞ்சம் அழுதான் என்றும் நினைக்கிறேன்.

மறுநாள் காலை வேலைக்கு இறங்கும்போது அன்ரி கேற்றடியில் பக்கத்து வீட்டுப் பாட்டியோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

"நேற்று ரிவியிலை என்ர மகனைக் காட்டினவங்கள். பத்து நிமிஷம்! இந்தப் பிள்ளையும் பார்த்தவா, கேளுங்கோ."

"ஓம், பார்த்தனான்" என்றேன்.