ஓரறையில் மூன்று வகுப்புகள்: ஜூன் முதல் ஏப்ரல் வரை

திருவாரூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புக் குழந்தைகளை ஒரே அறையில் அமர்த்திக் கற்பித்து வருகிறேன். அறுபது குழந்தைகள் வரை படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த கணக்கு. ஆகவே எங்களுடையது போன்ற சிறு பள்ளிகளில் ஒருவர் முதல் மூன்று வகுப்புகளையும், தலைமை ஆசிரியர் நான்கு, ஐந்தாம் வகுப்புகளையும் பார்த்துக்கொள்வதே பெரும்பாலும் நடைமுறையாக இருக்கிறது. முடிந்த கல்வியாண்டில் என் அறையில் நடந்த செயல்பாடுகளில் எவை ஒரு நாளோடு முடிந்துபோயின, எவை மாதக்கணக்கில் நீடித்துக் குழந்தைகளிடம் ஒட்டிக்கொண்டன என்பதைச் சக ஆசிரியர்களுக்காகவும் பெற்றோருக்காகவும் இங்கே எழுதி வைக்கிறேன்.

செயல்பாடு என்பது தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிய செய்தியன்று. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுவதும் விரிந்த செயல்வழிக் கற்றல், அட்டைகளையும், கற்கும் வரிசையைக் காட்டும் ஏணிப்படிகளையும், தாழ்நிலைக் கரும்பலகையையும், குழந்தைகளின் படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தலையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. 2012-13இல் கல்வியாண்டை மூன்று பருவங்களாகப் பிரிக்கும் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்த இடைவெளியில் எழுத்தையே மறந்துபோன குழந்தைகளை மனத்தில் வைத்து 2022 ஜூனில், முதல் மூன்று வகுப்புகளுக்கு அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. செயல்வழிக் கற்றலின் அட்டைகள் இன்று எங்கள் பீரோவின் அடித்தட்டில் கிடக்கின்றன என்றாலும், ஆசிரியரும் குழந்தைகளோடு தரையில் அமரலாம் என்ற பழக்கத்தை ஏற்படுத்தியது அந்த முறைதான் என்று நான் கருதுகிறேன்.

ஜூன் மாதம் அடிப்படை மதிப்பீட்டில் கழிந்தது. எந்த வகுப்பில் இருந்தாலும் குழந்தை இப்போது எந்த நிலையில் நிற்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக மூன்று குழுக்களாகப் பிரிக்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டே அரும்பு நிலையில் இருக்கும் குழந்தை ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிரண்டாவது இருக்கும். அத்தகைய குழந்தைக்குப் பெரும்பாலும் எழுத்து தெரியாமல் இருப்பதில்லை. கொம்பும் காலும் சேரும் இடத்தில்தான் தடுமாறுகிறது. ‘கொடி’ என்ற சொல்லைக் காட்டினால் முதலில் ‘கெ’ என்று படித்து, பிறகு காலைக் கண்டு திகைத்து நிற்கும். ஒரு குழந்தையிடம் கொம்பு அட்டையையும் ஒரு குழந்தையிடம் ககர அட்டையையும் இன்னொரு குழந்தையிடம் கால் அட்டையையும் கொடுத்து வரிசையாக நிற்க வைத்து, கால் வந்து சேரும்போதும் விலகும்போதும் மற்றவர்கள் உரக்கப் படிக்கும் விளையாட்டை ஜூலை முழுவதும் நாள்தோறும் காலையில் சிறிது நேரம் விளையாடினோம். ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பாக மாறும்போது குரல் நீள வேண்டும் என்பதை முதல் வகுப்புக் குழந்தைகளே மூன்றாம் வகுப்பினருக்குத் திருத்திச் சொன்ன நாள்களும் உண்டு.

எண்களில் இதற்கு நிகரான தடை இடமதிப்பு. இருபத்தொன்று எழுதச் சொன்னால் 201 என்று எழுதும் குழந்தையை எந்தத் தொடக்கப் பள்ளியிலும் பார்க்கலாம். இருபதையும் எழுதுகிறது, ஒன்றையும் எழுதுகிறது. காதில் விழுந்தபடியே எழுதுகிறது என்பதால் அதன் பக்கம் ஒரு நியாயமும் இருக்கிறது. இதற்கு நான் நம்புவது தென்னை ஈர்க்குகளைத்தான். அவற்றை ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு டப்பாவில் கொடுத்துவிட்டேன். கட்டைப் பிரிக்காமல் கழிக்க முடியாத நிலை வரும்போதுதான் கடன் வாங்கிக் கழித்தல் என்பதன் பொருள் கைக்குப் புரிகிறது. மணிச்சட்டம் பார்ப்பதற்கு அழகாக இருந்தாலும், பத்து ஒன்றுகள் ஒரு பத்தாக மாறுவதை அதில் குழந்தை கட்டிப் பார்க்க முடியாது. அந்த ஈர்க்கு டப்பாக்கள் மூன்று பருவமும் பயன்பட்டன. உடைந்தவற்றுக்குப் பதிலாகக் குழந்தைகளே வீட்டிலிருந்து எடுத்துவந்தார்கள்.

இடையிடையே வரும் நாள்களையும் சொல்ல வேண்டும். காமராசர் பிறந்த ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள். பிறகு சுதந்திர தினம், குழந்தைகள் தினம், கலைத் திருவிழா. ஆடலும் பாடலும் வேண்டியவைதாம், மேடைக்குப் பழகாத குழந்தைகள் அவற்றால் வாய் திறக்கிறார்கள். ஆனால் ஒரே நாளில் அட்டை வெட்டி, வண்ணம் தீட்டி, படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்பி முடியும் செயல்பாடுகளில் பெரும் பங்கு உழைப்பு ஆசிரியருடையதாகவும், குழந்தையின் பங்கு படத்தில் சிரிப்பதாகவும் அமைந்துவிடுகிறது என்பதே என் அனுபவம்.

ஜூலையில் தொடங்கிய நிழல் கழிதான் இந்த ஆண்டின் மிக நீண்ட செயல்பாடு. ஒரு மீட்டர் உயரக் கழியை விளையாட்டுத் திடலில் நட்டோம். அது செங்குத்தாக நிற்க வேண்டும் என்பதால், கொத்தனார் வேலை பார்க்கும் தந்தை ஒருவர் தூக்குக்குண்டோடு வந்து சரிபார்த்துக் கொடுத்தார். வாரம் ஒருமுறை, பகல் 12 மணிக்கும் 12:30க்கும் இடையே நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தில் அதன் முனையில் கூழாங்கல் வைத்து, நீளத்தை அளந்து எழுதுவது மூன்றாம் வகுப்பின் பொறுப்பு. நிழல் எந்தத் திசையில் விழுகிறது என்று சொல்வது சிறியவர்களின் வேலை. சூரியன் தெற்கே தள்ளி நிற்கிறது, ஆகவே நிழல் வடக்கே விழும் என்று பாடம் படித்த பெரியவர்களும் பொதுவாக நினைப்பார்கள். திருவாரூர் ஏறத்தாழ 10.8 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் ஜூலை நடுவில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். நிழல் தெற்கே சுமார் 19 செ.மீ. நீளத்துக்கு விழும். ஆகஸ்டு 24ஐ ஒட்டிக் கழிக்கு நிழலே இராது. அந்த வாரத்தில் நண்பகலில் தங்கள் நிழலைத் தேடிக் குழந்தைகள் திடல் முழுவதும் ஓடியதில் மதிய உணவு மணியை யாரும் பொருட்படுத்தவில்லை. செப்டம்பரில் நிழல் வடக்குப் பக்கம் எட்டிப் பார்த்தபோது, கழியை யாரோ திருப்பி நட்டுவிட்டார்கள் என்று ஒரு சிறுவன் புகார் சொன்னான். கழியைத் திருப்பினால் நிழல் திரும்புமா என்று இன்னொரு குழந்தையே கேட்டுவிட்டதால் என் விளக்கம் தேவைப்படவில்லை.

அக்டோபர் பிறந்தால் டெல்டாவில் வகுப்பறையின் கவனம் முழுவதும் வானத்தின் மேல்தான். சம்பா நடவுக்குப் பெற்றோர் விடியற்காலையிலேயே வயலுக்குப் போய்விடுவார்கள். குழந்தைகள் காலை உணவுக்காக எட்டரை மணிக்குள் பள்ளிக்கு வந்துவிடுவார்கள். (அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் காலை உணவுத் திட்டத்தை விரிவுபடுத்தும் விழா 2023 ஆகஸ்டு 25 அன்று எங்களுக்குப் பக்கத்து மாவட்டமான நாகையின் திருக்குவளையில்தான் நடந்தது.) இந்திய வானிலை ஆய்வுத் துறை நாள்தோறும் மழையளவைக் கணக்கெடுப்பதும் காலை 8:30 மணிக்கே என்பதால், எங்கள் மழைமானியையும் அதே நேரத்தில் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

மழைமானி என்பது இரண்டு லிட்டர் குளிர்பானப் புட்டிதான். தோள்பகுதியில் வெட்டி, வாய்ப்பகுதியைத் தலைகீழாகப் புனல்போல் செருக வேண்டும். புட்டியின் அடிப்பகுதி மேடுபள்ளமாக இருப்பதால் கூழாங்கற்களைப் போட்டு, பக்கங்கள் நேராகத் தொடங்கும் மட்டம் வரை நீர் ஊற்றி அங்கே சுழியத்தைக் குறித்து, அதற்கு மேல் மில்லிமீட்டர் தாளை ஒட்டினோம். கூரையின் தாழ்வாரமோ மரக்கிளையோ மறைக்காத இடமாகத் தேடியதில் கொடிக்கம்பத்துக்கு அருகே இடம் கிடைத்தது. அளந்தபின் நீரைச் சுழியக் கோட்டுக்கு இறக்கி வைப்பது அன்றைய பொறுப்பாளரின் வேலை. மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவிக்கும் நாள்களில்தான் மழை அதிகம் என்பதால், பள்ளியை ஒட்டிய வீட்டுக் குழந்தை குடையோடு வந்து பார்த்து எழுதி வைத்தது.

ஒரே பதிவேடு மூன்று வகுப்புகளுக்கும் மூன்று பாடமானது இப்படித்தான். பத்து மில்லிமீட்டருக்கு ஒரு கட்டம் என்று சுவரில் ஒட்டிய தாளில் வண்ணமிட்ட கட்டங்களை முதல் வகுப்பு எண்ணியது. நேற்று 47, இன்று 38 என்றால் இரண்டு நாளும் சேர்த்து எவ்வளவு என்பதை இரண்டாம் வகுப்பு ஈர்க்குக் கட்டுகளால் கூட்டியது. மாத மொத்தமும், எந்த வாரம் எந்த வாரத்தைவிட எவ்வளவு கூடுதல் என்பதும் மூன்றாம் வகுப்பின் கணக்கு. நாளிதழில் வரும் வட்ட வாரியான மழையளவோடு எங்கள் அளவு ஒத்துப்போகாத நாள்களில் ‘பேப்பர்காரங்க தப்பா எழுதிட்டாங்க’ என்று உறுதியாகத் தீர்ப்பு வந்தது. பேருந்து நிலையத்தில் கொட்டும் மழை நம் தெருவில் தூறலாக இருந்ததில்லையா என்று கேட்டதும் அவர்களே எடுத்துக்காட்டுகளை அடுக்கினார்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். நாற்பது சதுர மீட்டர் கூரையில் ஐம்பது மில்லிமீட்டர் மழை என்றால் இரண்டாயிரம் லிட்டர், அதாவது பதினைந்து லிட்டர்க் குடத்தில் நூற்று முப்பது குடத்துக்கு மேல் என்று நான் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது, அத்தனை குடத்தையும் கூரை எப்படித் தாங்கியது என்ற கேள்வி முதல் வகுப்பிலிருந்து வந்தது. தாங்கவில்லை, உடனுக்குடன் வழிந்துவிட்டது என்பதற்கு முற்றத்தில் ஓடிய நீரே சான்றாக இருந்தது.

இரண்டாம் பருவத் தமிழ்ப் பாடத்தின் எழுதுதல் பயிற்சிகளையும் இந்தப் பதிவேட்டோடு இணைத்துவிட்டேன். ‘இன்று மழை’ என்ற இரண்டு சொல்லில் தொடங்கியவர்கள் டிசம்பரில் ‘மழை பெய்ததால் அம்மா வேலைக்குப் போகவில்லை’ என்று காரணத்தோடு எழுதினார்கள். எழுத்துப்பிழைகள் நிறைய இருந்தன. ரகர றகரத்தை நான் வட்டமிட்டுக் காட்டினேனே தவிர, சிவப்பு மையால் தாளை நிரப்பவில்லை. ஆங்கிலத்தில் இதே அளவு முன்னேற்றம் இல்லை. பாடல்களும் பெயர்ச்சொற்களும் வருகின்றன. தானாக ஒரு வாக்கியம் பேச வேண்டிய தேவை எங்கள் ஊரில் குழந்தைக்கு எழுவதில்லை.

ஜனவரியில் பொங்கல் விழாவை வைத்து முகத்தலளவை நடத்தினோம். பாடநூல் லிட்டரையும் மில்லிலிட்டரையும் கற்பிக்கிறது. வீடுகளிலோ இன்னும் படியும் உழக்கும் இருக்கின்றன. குழந்தைகளின் தாத்தாக்களும் ஆத்தாக்களும் கொடுத்தனுப்பிய அளவைகளால் மணலை அளந்து, நான்கு உழக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால் என்பதைக் கொட்டிக் கொட்டிக் கண்டுபிடித்தார்கள். பன்னிரண்டு மரக்கால் சேர்ந்தால் ஒரு கலம். அதற்கு மணல் போதவில்லை, ஆகவே பன்னிரண்டாம் கோடு வரை தரையில் கீறிக் கணக்கிட்டார்கள். நான்கின் வாய்ப்பாடும் எட்டின் வாய்ப்பாடும் இங்கே ஒருவழியாக மனத்தில் படிந்தன. பிப்ரவரியில் நடத்திய வகுப்பறைச் சந்தை அந்த அளவுக்கு எடுபடவில்லை. தாளால் செய்த ரூபாய்க்கு மீதிச் சில்லறை சரியாகத் தர வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. மீதி தராமலே எல்லாரும் மகிழ்ச்சியாக வணிகம் செய்தார்கள்.

மூன்றாம் பருவத்தில் வாசிப்பு முன்னுக்கு வந்தது. பெரிய வகுப்புகளுக்காக நுழை, நட, ஓடு, பற என்ற படிகளில் வந்த வாசிப்பு இயக்கச் சிறுநூல்களில் எளிதானவற்றை எங்கள் படித்தல் களத்தில், அதாவது வகுப்பறையின் வாசிப்பு மூலையில், தொங்கவிட்டேன். மலர் நிலைக் குழந்தை ஒன்று அரும்பு நிலைக் குழந்தை ஒன்றுக்கு நாள்தோறும் ஒரு கதை படித்துக் காட்ட வேண்டும் என்ற ஏற்பாட்டில் படித்துக் காட்டியவர்களே அதிகம் பயன்பெற்றார்கள், கேட்பவர் ‘அப்புறம்?’ என்று நச்சரிப்பதால் திக்கி நிற்க அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

மார்ச்சில் நடந்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்த ஒரு பாட்டி, சுவரில் உள்ள கட்டங்களைப் பார்த்துவிட்டு, ‘இதெல்லாம் சரி டீச்சர், பரீட்சையில இதைக் கேப்பாங்களா?’ என்று கேட்டார். கைப்பேசிச் செயலியில் வரும் மதிப்பீட்டில் எங்கள் மழைமானி பற்றிய வினா வராது என்பது உண்மைதான். அவருடைய பேரனை அழைத்து, நவம்பர் மாதத்தின் இரண்டு வாரங்களுக்கு இடையிலான வேறுபாட்டைக் கணக்கிட்டுச் சொல்லுமாறு கேட்டேன். கடன் வாங்கிக் கழித்துச் சரியாகச் சொன்னான். பாட்டிக்கு அது போதுமானதாக இருந்தது. குழுத் தலைவருக்கு மட்டும் வீட்டுப்பாடம் குறைவு என்ற குறை இன்னும் இருக்கிறது.

நிழல் கழியின் வடபக்கப் பயணம் ஜனவரி முதல் வாரத்தில் 65 செ.மீ.க்கு மேல் நீண்டு, மார்ச் 21ஐ ஒட்டி மீண்டும் 19 செ.மீ. அளவுக்குக் குறுகியது. ஏப்ரல் 18ஐ ஒட்டி இரண்டாம் முறை நிழல் மறையும் நாள் பருவத் தேர்வு முடியும் நேரத்தில் வருவதால், அந்த ஒரு வாரத்துக்குத் தேர்வு முடிந்தபின் மூன்றாம் வகுப்பினர் மட்டும் அளந்தார்கள். நிழல் பதிவேட்டையும் மழைப் பதிவேட்டையும் நான்காம் வகுப்புக்குப் போகும் குழந்தைகளிடமே கொடுத்து, தலைமை ஆசிரியரின் அறையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அங்கே செ.மீ.யைத் தசம எண்களாக எழுதும் பாடமும் வரைபடப் பாடமும் வரும்போது அவர்களுடைய சொந்த எண்களையே பயன்படுத்திக்கொள்வதாக அவர் ஒப்புக்கொண்டார். கழியை விடுமுறையில் மாடு முட்டிச் சாய்க்காமல் இருக்க முள் வேலி போட்டாயிற்று. ஜூனில் பள்ளி திறந்ததும் தூக்குக்குண்டோடு வந்து மறுபடியும் பார்த்துத் தருவதாகக் கொத்தனார் சொல்லியிருக்கிறார்.