புரை ஏறுதான்னு கேளுங்க

2020 மார்ச்ல உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்றுன்னு அறிவிச்ச கையோட எங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல எனக்குக் கிடைச்ச வேலை என்னன்னா, வாசல்ல நின்னு டெம்பரேச்சர் பாக்குறது. ஸ்பீச் தெரபிஸ்ட்டுக்கு இப்ப என்ன அவசரம், திக்குவாய்ப் பயிற்சியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. நானும் வாய மூடிட்டு நின்னேன், மாஸ்க் வேற போட்டிருந்தேன்ல.

அப்புறம்தான் ஐசியூல இருந்து ஆளுங்க வீடு திரும்ப ஆரம்பிச்சாங்க. வென்டிலேட்டர் டியூப், தொண்டைல சத்தம் வர்ற குரல்நாண் நடுவுலதான் இறங்கும், அது நாள்கணக்கா அங்கயே கெடந்தா குரல் கம்மிடும், தொண்டைல உணர்ச்சியும் மந்தமாயிடும். இது போக ஒரு வாய் முழுங்கும்போது நமக்கு மூச்சு கொஞ்சூண்டு நேரம் நிக்கும், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குறவருக்கு அந்த நேரம் கூட கட்டுபடி ஆகாது, அவசரத்துல உள்ள இழுப்பார், தண்ணி வழி மாறி மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். பேச்சு மட்டுமில்ல, இந்த முழுங்குற சிக்கலும் எங்க வேலைதான்.

ஒரு அம்மா போன் பண்ணாங்க. "வீட்டுக்கு வந்து நல்லாத்தான் இருக்கார் மேடம், ஆனா சாயங்காலமானா காய்ச்சல் அடிக்குது, மறுபடி கொரோனாவா?" வீடியோ கால்ல வரச் சொல்லி, அவர நிமிர்த்தி உக்கார வச்சு முதல்ல "ஆ" சொல்லச் சொன்னேன், கரகரன்னு வந்துச்சு. அப்புறம் ஒரு ஸ்பூன் தண்ணி. முழுங்கினார், இருமவே இல்ல, அந்தம்மா முகத்துல அப்படி ஒரு நிம்மதி. திரும்ப "ஆ" சொல்லச் சொன்னா குரல் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி கொழகொழன்னு இருக்கு. தண்ணி குரல்நாண் மேலயே நிக்குது, தொண்டை மரத்துப்போனதால இருமித் தள்ளணும்னு கூட அவருக்குத் தெரியல! எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. இருமல் சத்தம் கேட்டாலே ஜனங்க பத்தடி தள்ளி ஓடுன காலத்துல நான் மட்டும் "இருமுங்கய்யா, நல்லா இருமுங்க"ன்னு கெஞ்சிட்டு இருந்தேன்.

டாக்டர்கிட்ட ஓடினேன், எக்ஸ்ரேல நிமோனியா, வைரஸால இல்ல, தண்ணியும் எச்சிலும் நுரையீரலுக்குள்ள இறங்குனதால. மருந்த டாக்டர் பாத்துக்கிட்டார். என் பங்குக்கு தண்ணிய கெட்டியாக்கிக் குடுக்குறது, சின்னச் சின்ன வாயா குடிக்குறது, வாய சுத்தமா வச்சுக்குறது, இவ்ளோதான்.

அதோட வாசல் டூட்டி போச்சு. வீடு வீடா போற நர்ஸுங்ககிட்ட மூணே கேள்வி குடுத்தேன்: தண்ணி குடிச்சா புரை ஏறுதா, குடிச்சதும் குரல் மாறுதா, சாப்பிட முன்னவிட நேரமாகுதா.

கொஞ்ச வாரம் கழிச்சு அந்தம்மா பதறிப்போய் கூப்பிட்டாங்க, "மேடம், தண்ணி குடிச்சவர் பயங்கரமா இருமுறார்!" பின்னாடி சத்தம் கேட்டுச்சு, நல்ல கணீர்னு. எனக்கு சிரிப்ப அடக்க முடியல.