மருமகன்மாரை நம்பி வாக்குக் கேட்கப் போகாதீர்கள்

2025 மே 6ஆம் தேதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் எங்கள் வட்டாரத்துக் கட்சி வேலையை நான்தான் பார்த்தேன். இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிகுடிப் பக்கம், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள ஊர். எந்தக் கட்சி என்று எழுதவில்லை. ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு இந்தக் கதைக்கு அது தேவையில்லை.

பொறுப்பு என்னிடம் வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். உள்ளூராட்சிச் சபைகளில் 25 வீதம் பெண்களுக்கு என்று சட்டம் இருக்கிறது. வேட்புமனு முடியப் போகும் நேரத்தில்தான் எங்கள் ஆட்களுக்குப் பெண்களின் நினைப்பு வரும். ஒரு அண்ணன் வந்து வாசலில் நின்றார். "தங்கச்சி, ஒரு கையெழுத்து மட்டும் வைங்க, மத்தது எல்லாம் நாங்க பாத்துக்கிறம்" என்றார். மற்றது எல்லாவற்றையும் அவர்களே பார்ப்பதென்றால் என் பெயர் எதற்கு? வேட்பாளராக வரமாட்டேன், வட்டாரத்து வாக்காளர் இடாப்பை, அந்தப் பெயர்ப் பட்டியலை, என் கையில் தாருங்கள், வேலை செய்கிறேன் என்றேன். மைக் கேட்கவில்லை, மேடை கேட்கவில்லை, இடாப்பைக் கேட்கிறாளே என்று அவருக்குச் சிரிப்பு. உடனே தந்துவிட்டார்கள்.

நான் தையல்காரி. சட்டைக்கு அளவு கொடுக்க வரும் பெண்கள் வீட்டு விஷயம் சொல்லாமல் போவதில்லை. எந்த வீட்டில் யார் இருக்கிறார், யார் கட்டாருக்குப் போய்விட்டார், யாருடைய பெயர் அரசின் அஸ்வெசும உதவிப் பணத்தில் விடுபட்டது என்பதெல்லாம் கேட்காமலே காதில் விழும். அதனால் இடாப்பைப் புரட்டிய முதல் நாளே ஒன்று கண்ணில் பட்டது: ஒழுங்கைகளில் இல்லாத ஆண்களெல்லாம் இடாப்பில் இருந்தார்கள்.

மட்டக்களப்பில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். குடி, அதாவது குலம், தாய்வழியில் போகும். ஆகவே ஒரு ஒழுங்கையை எடுத்துக்கொண்டால் அதில் இருப்பவர்கள் அக்கா, தங்கை, பெரியம்மா மகள், சின்னம்மா மகள், எல்லாருக்கும் மேலே ஒரு பெத்தா, அம்மம்மா. ஆண்கள் எல்லாரும் வேறு ஒழுங்கையிலிருந்து, வேறு ஊரிலிருந்து, சிலர் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலிருந்து வந்த மருமகன்மார். இருபது வருஷம் இருந்தாலும் மருமகன் மருமகன்தான். அவர் சொல்லி அந்த ஒழுங்கையில் ஒரு வேலி கூட நகராது.

ஆனால் கட்சி வேலை என்றால் யாரைப் பிடிப்பார்கள்? இந்த மருமகன்மாரைத்தான். பின்னேரம் சந்தியில் நின்று சத்தமாக அரசியல் கதைக்கிற ஆள் என்றால் கிளைத் தலைவர். அவர் ஒரு கட்டு நோட்டீஸோடு மாமியாரின் உறவுக்கார வீடுகளுக்குப் போவார். அவர்களும் மரியாதைக்குக் கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, "ஓம் ஓம், போடுவம்" என்பார்கள். அவர் போய்க் காரியாலயத்தில் அந்த ஒழுங்கை முழுக்க நமக்குத்தான் என்று சொல்வார். எண்ணும்போதுதான் தெரியும். கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கரைப் பிடித்தால் குடி முழுக்க வரும் என்பது இன்னொரு கணக்கு. வண்ணக்கருக்குக் கோயிலில் இருக்கிற மரியாதை உண்மைதான். அது வாக்குச்சாவடி வரைக்கும் வருமா என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம்.

சரி, ஒழுங்கைக்கு ஒரு பெண் என்று எடுத்தேன். பதினைந்து வீட்டுக்கு மேல் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. நன்றாகப் பேசுகிறவர்களைத் தேடவில்லை. யாருடைய வீட்டுக் கடப்பைத் திறந்து கேட்காமல் உள்ளே போக முடியும், யார் வந்தால் அடுப்படியிலேயே பலகை போடுவார்கள், அப்படிப்பட்டவர்களைத்தான் தேடினேன். அதில் ஒருவருக்கு எழுத்து வாசிக்கச் சிரமம். ஆனால் அந்த ஒழுங்கையில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் மருந்து அரைத்துக் கொடுப்பவர் அவர். அவரை விட்டால் அங்கே வேலை நடக்காது.

பொடியன்மாரை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். மோட்டார் சைக்கிளில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போவது வாக்கைக் கூட்டாது. நித்திரையாகிற பிள்ளையை எழுப்பிவிடும், தாய் பேசுவாள், அவ்வளவுதான். ஆனால் கதிரை தூக்க, சாவடிக்கு முகவராக இருக்க, இரவில் எண்ணி முடியும் வரை அசையாமல் இருக்க அவர்கள் வேண்டும். உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களித்த இடத்திலேயே வாக்கை எண்ணுகிறார்கள். அந்த அறையில் நித்திரை தூங்காமல், கோபப்படாமல், இலக்கத்தை ஒழுங்காக எழுதிக்கொண்டு வருகிற பொடியன் ஒருவன் பத்து மைக்கை விடப் பெறுமதி.

இப்போது அந்தக் காகிதத்தின் கதைக்கு வருகிறேன். இதைத்தான் முதலில் எழுத நினைத்தேன்.

பெயர்கள் அச்சடித்த பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் நிற்பது எங்கள் ஊரில் சின்ன விஷயமல்ல. இராணுவச் சுற்றிவளைப்பையும், முகத்தை மூடிக்கொண்டு தலையசைத்து ஆளைக் காட்டிக்கொடுத்த தலையாட்டியையும் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். 1990ஆம் ஆண்டுப் போர்க்காலத்தைக் கடந்து வந்த ஒரு தாயின் முன்னால் கடதாசியை விரித்து "உங்கட மகன்ட பேர் இதுதானே" என்று கேட்டால் அவளுக்கு என்ன ஞாபகம் வரும்? கட்சிகளும் அந்தக் காலத்தில் பயமில்லாத பெயர்களாக இருக்கவில்லை. 2005 நத்தார் இரவில் யோசப் பரராஜசிங்கம் மட்டக்களப்பு மரியன்னை தேவாலயத்துக்குள்ளேயே சுடப்பட்டார். ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்கு நத்தார்ப் பூசையில் அப்படி நடந்த மாவட்டம் இது. "அரசியல் ஒண்டும் வேணாம் புள்ள" என்று ஒரு ஆச்சி சொன்னால் அது சோம்பல் இல்லை.

அதனால் ஒரு கட்டளை போட்டேன். இடாப்பு ஒழுங்கைக்குப் போகாது. பின்னேரம் பெண்கள் என் தையல் அறைக்கு வருவார்கள், கதவைச் சாத்திவிட்டு வீடு வீடாக வாசிப்போம், ஒரு கொப்பியில் குறிப்போம். யார் ஊரில் இருக்கிறார், யார் வெளிநாடு, யார் செத்துப்போனார், யார் கல்யாணம் முடித்து வேறு ஊரில் இருக்கிறார், யாருக்கு நடந்து வர ஏலாது. இவ்வளவுதான். யார் யாருக்குப் போடுவார் என்று ஒரு எழுத்தும் எழுதக் கூடாது.

இதற்குக் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு. மேலிருந்து ஒரு படிவம் வந்தது: நம்ம ஆள், அவங்கட ஆள், சந்தேகம் என்று மூன்று நிறத்தில் அடையாளம் போடச் சொல்லி. திருப்பி அனுப்பிவிட்டேன். அயல் வீட்டுக்காரி தன்னை எந்த நிறத்தில் எழுதியிருக்கிறாள் என்று தெரிந்தால் அந்த ஒழுங்கையில் அடுத்த கல்யாண வீடு எப்படி நடக்கும்? தேர்தல் ஒரு நாளில் முடிந்துவிடும். அவர்கள் அங்கேதான் இருக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்கிருந்து வாக்குப் போட எங்கள் நாட்டில் வழியில்லை, ஆகவே அந்தப் பெயர்களைக் கழித்துவிட வேண்டியதுதான். மருமகன்மாராக வேறு ஊருக்குப் போன எங்கள் பொடியன்மாரின் கதை வேறு. பெயர் இன்னும் தாய் வீட்டில். மாற்றச் சொன்னால் தாய்மார் விடமாட்டார்கள். "ஆளத்தான் குடுத்திட்டம், பேரையும் குடுக்கவா" என்று ஒரு பெத்தா கேட்டார். ஆனால் இவர்களைக் கூப்பிட ஆள் வேண்டியதில்லை, தாய் ஒரு கோல் எடுத்தால் போதும். தேர்தல் நாளன்று மண்டூர்ப் பக்கம் கல்யாணம் முடித்தவர்கள் குருமண்வெளிப் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவையில், ஏறி இக்கரைக்கு வந்து புள்ளடி போட்டு, தாய் வீட்டில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் எதிர்ப் பக்கமாகப் பாதையேறினார். அவருடைய பெயர் மண்டூரில்தான் இருக்கிறது, போரதீவுப்பற்றுப் பிரதேச சபைக்கு. வட்டாரம் முழுக்க வாக்குக் கேட்ட எனக்கு என் வீட்டிலேயே ஒன்று குறைவு.

கேட்கப் போன இடங்களில் எங்கள் வேலையில் பாதி, எப்படிப் போடுவது என்று சொல்லிக் கொடுத்ததுதான். யோசித்துப் பாருங்கள். 2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பம் எழுதலாம் என்றார்கள். நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, கீழே விருப்பு இலக்கங்களுக்கு மூன்று வரை. ஆறு மாதத்துக்குள் உள்ளூராட்சித் தேர்தல், இதில் சின்னத்துக்கு நேரே ஒரே ஒரு புள்ளடி, வேட்பாளரின் பெயர் கூடச் சீட்டில் இல்லை. எண்பது வயது மனுசி மூன்று சட்டத்தையும் எப்படித் தலையில் வைத்துக்கொள்வார்? மாதிரிச் சீட்டை வைத்துக்கொண்டு பெண்கள் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். வேட்பாளரின் பெயரைத் தேடித் தேடிக் களைத்த ஒரு பெரியம்மா, "அவன்ட பேரே இல்லாத கடதாசியில நான் ஏன் கோடு போட?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

இன்னொன்றையும் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. 2018இலிருந்து இந்தச் சபைகளுக்கு 60 வீதம் வட்டாரத்தில் வென்றவர்கள், 40 வீதம் விகிதாசாரம். வட்டாரத்தில் தோற்றாலும் அந்த வாக்குகள் சபையின் மொத்தக் கணக்கில் சேரும். "எங்கட ஒழுங்கையில அவங்கதான் கூட, நாம போட்டு என்ன" என்று சொல்பவர்களுக்கு இதைச் சொன்னால்தான் எழும்பி வருவார்கள்.

வாக்குறுதியில் நான் கறாராக இருந்தேன். பிரதேச சபையால் என்ன முடியும்? தெருவிளக்கு, வடிகான், உள்வீதி, குப்பை, சந்தை, நூலகம், மயானம். இதைத் தாண்டி ஒன்றும் சொல்லாதீர்கள் என்றேன். ஆனால் கேட்கிறவர்கள் அப்படி வகை பிரித்துக் கேட்பார்களா? அஸ்வெசும ஏன் வரவில்லை, நுண்கடன்காரன் கிழமைக்குக் கிழமை வாசலில் நிற்கிறான், மகனுக்கு வேலையில்லை. "பாப்பம்" என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிடக் கூடாது என்று பெண்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னேன். சிலர் சொல்லிவிட்டுத்தான் வந்தார்கள். அடுப்படியில் இருந்து அழுகிறவளிடம் "அது சபைக்குள்ள வராது அக்கா" என்று சொல்லுவது லேசு இல்லை.

மேடையில் வேறு பேச்சு. அதிகாரப் பகிர்வு, மாகாண சபை, கொழும்பு. அதுவும் வேண்டியதுதான். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. உள்ளூராட்சித் தேர்தலையும் 2023 மார்ச்சில் வைப்பதாகச் சொல்லிவிட்டுப் பிறகு பணமில்லை என்று தள்ளினார்கள். நாடு முழுக்கத் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னம் அடித்துக்கொண்டு போன 2024 நாடாளுமன்றத் தேர்தலில் மட்டக்களப்பு ஒன்றுதான் வேறு மாதிரிப் போட்ட மாவட்டம். அந்தப் பெருமையை மேடையில் கேட்டால் கை தட்டுவார்கள். வீட்டுக்கு வந்ததும் வடிகானைப் பற்றித்தான் கேட்பார்கள். இரண்டும் ஒரே ஆள்தான்.

தேர்தல் நாளில் செய்வதற்கு நமக்கு அதிகமில்லை. காலை ஏழு மணி தொடக்கம் நான்கு மணி வரை. கட்சி வாகனத்தில் ஆட்களை ஏற்றி இறக்கக் கூடாது. 48 மணி நேரத்துக்கு முன்னே பிரசாரமும் நின்றுவிடும். நடக்க ஏலாதவர்கள், கண் தெரியாதவர்கள் பற்றிய வேலையை அதற்கு முன்பே முடிக்க வேண்டும். 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி அவர்கள் தங்களுக்கு விருப்பமான ஒருவரைத் துணைக்குக் கூட்டிப்போகலாம். அதற்குச் சான்றிதழ் வேண்டும், கிராம சேவகரும் டொக்டரும் கையெழுத்து வைக்க வேண்டும். கொப்பியில் "நடக்க ஏலாது" என்று குறித்த வீடுகளுக்கெல்லாம் இந்தப் படிவத்தோடு அலைந்தோம். அவர்கள் யாருக்குப் போட்டார்கள் என்று கேட்கவில்லை. ஒருவர் எங்களுக்குப் போடவில்லை என்று அவரே சொன்னார், சிரித்துக்கொண்டு.

வட்டாரத்தை வென்றோம். வெடி கொளுத்தினார்கள், மாலை போட்டார்கள், மாலைகள் எல்லாம் ஆண்களின் கழுத்தில். ஒழுங்கைப் பெண்கள் அன்றைக்கு வரவில்லை, இரவு ஆகிவிட்டது. எனக்கு அதற்குள் வேறு வேலை வந்துவிட்டது. 2023ஆம் ஆண்டுச் செலவினச் சட்டத்தின்படி வேட்பாளர் 21 நாளுக்குள் கணக்குக் காட்ட வேண்டும், சோற்றுப் பார்சல் பில்லைப் பொடியன்மாரிடமிருந்து வாங்குவது வாக்கு வாங்குவதை விடக் கஷ்டம். பெட்ரோலுக்கு ஒருவனிடமும் துண்டில்லை.

இப்போது பிரச்சினை அந்தக் கொப்பிதான். வேலை நன்றாக நடந்ததாம், மாகாண சபைத் தேர்தல் வந்தால் உதவுமாம், காரியாலயத்தில் கொண்டுவந்து கொடுக்கச் சொல்கிறார்கள். கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறார்களாம். இடாப்பு வேண்டுமானால் அது எல்லாக் கட்சியிடமும் இருப்பதுதானே, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். கொப்பியைத் தரமாட்டேன். யார் தனியாக இருக்கிறாள், எந்த வீட்டில் ஆண் துணை இல்லை, யாருக்கு நடக்க ஏலாது என்றெல்லாம் அந்தப் பெண்கள் என்னை நம்பிச் சொன்னது அதில் இருக்கிறது. போன கிழமையும் அந்த அண்ணன் கோல் எடுத்தார். "தங்கச்சி, கட்சிச் சொத்தெல்லோ அது" என்றார். கொப்பி நான் வாங்கியது, கடைத் துண்டு இருக்கிறது, செலவுக் கணக்கில்கூட அதைச் சேர்க்கவில்லை என்றேன்.