கியர் பாக்ஸுக்கு ஒரு ஆயில், கிரவுனுக்கு வேறு ஆயில்: ஜீப்போடு அலைந்த அனுபவம்

எங்கள் ஜீப்போடு வந்த புத்தகத்தில் தெளிவாகவே போட்டிருக்கிறது: கியர் பாக்ஸுக்கு 80டபிள்யூ-90 (இது ஆயிலின் தடிமன்), ஜிஎல்-4 (இது உள்ளே கலந்த மருந்தின் வகை). பின் ஆக்சில் நடுவில் சக்கரங்களைச் சுற்றவைக்கிற பல்சக்கரப் பெட்டியான கிரவுனுக்கு ஜிஎல்-5. ஒர்க்‌ஷாப்பில் இதை ஒருவர் படித்திருந்தால் போதும், இரண்டாம் கியர் இந்தப் பாடு பட்டிருக்காது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போடியில் இருந்து மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்களையும் உர மூட்டையையும் ஏற்றிப் போகிற வண்டி. போடிமெட்டு ஏற்றத்தில் கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு இரண்டாம் கியருக்கு இறக்கித்தான் ஆக வேண்டும். கியர் ஆயில், கிரவுன் ஆயில் இரண்டையும் மாற்றச் சொல்லி விட்டோம், மாற்றிக் கொடுத்தார்கள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் காலையில் முதல் கியரில் இருந்து இரண்டுக்குப் போடும்போது கர்ரென்று பல் உரசும் சத்தம் வர ஆரம்பித்தது. முதலில் வண்டி சூடாகும் வரைதான் வந்தது. அப்புறம் சூடான பிறகும் வந்தது.

திரும்பப் போய்க் கேட்டால் டிரைவர் மேல் பழி. “கிளட்சை முழுசா மிதிக்கச் சொல்லுங்கண்ணே.” பதினைந்து வருடமாக மலையில் ஜீப் ஓட்டுகிறவருக்கு இது அறிவுரை. பில்லை எடுத்துப் பார்த்தால் ‘கியர் ஆயில்’ என்று மட்டும் இருக்கிறது. கிரேடு இல்லை, ஜிஎல் எண் இல்லை, எத்தனை லிட்டர் என்பதும் இல்லை. என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். “ரெண்டுக்கும் ஒரே 90 ஆயில்தான். எல்லா வண்டிக்கும் இதைத்தான் ஊத்துறோம்” என்று மூலையில் இருந்த டிரம்மைக் காட்டினார் ஃபோர்மேன். டிரம்மில் ஜிஎல்-5 என்று போட்டிருந்தது.

90 என்பது ஆயிலின் தடிமன் மட்டும்தான். கியர் ஆயிலின் 90-ஐ எஞ்சின் ஆயிலின் 40, 50 எண்களோடு ஒப்பிடவும் கூடாது, இரண்டும் வேறு வேறு அளவுகோல். 90 கியர் ஆயில், தடிமனில் 40, 50 எஞ்சின் ஆயிலுக்குப் பக்கத்தில்தான் வரும். உள்ளே என்ன மருந்து கலந்திருக்கிறது என்பதைச் சொல்வது ஜிஎல் எண். ஜிஎல்-5-இல் கந்தகம், பாஸ்பரஸ் கலந்த சேர்மானம் ஜிஎல்-4-ஐப் போலச் சுமார் இரண்டு மடங்கு. கிரவுனுக்கு அது கட்டாயம் வேண்டும். கிரவுன் வீலைச் சுற்றவைக்கிற சின்னப் பல்சக்கரமான பினியன், அந்த வீலின் மையத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருப்பதால் பல்லும் பல்லும் அழுந்தி வழுக்கிக்கொண்டேதான் சுற்றும். சேர்மானம் குறைந்த ஆயில் அங்கே தாங்காது, பல் போய்விடும்.

கியர் பாக்ஸுக்குள் கதையே வேறு. அங்கே இருக்கிற சின்க்ரோ ரிங், எங்கள் வண்டியில் பித்தளை. கியர் மாறும்போது அது கியரின் கூம்பு போன்ற பகுதியான கோனைப் பிடித்து இரண்டு பக்க வேகத்தையும் சமமாக்க வேண்டும். பிடிப்பதற்கு உரசல் வேண்டும். ஜிஎல்-5 அளவுக்கு மீறி வழுக்கினால் ரிங் பிடிக்காது, பல் மோதும். போதாததற்கு அந்தக் கந்தகம் சூட்டில் பித்தளையை அரிக்கவும் செய்யும். நாள் முழுக்க ஏற்றத்தில் போகிற வண்டியில் சூட்டுக்கா குறை?

சரி, ஜிஎல்-4 வாங்கிவிடலாம் என்று கிளம்பினால் அது தனிப் படலம். போடியில் இல்லை. தேனியில் ஒரு கடையில் “ஜிஎல்-5 புதுசு, ஜிஎல்-4 பழசு. நல்லதாவே போட்டுக்கங்க தம்பி” என்று அதே ஜிஎல்-5 கேனை எடுத்து நீட்டினார்கள். 5 என்றால் 4-ஐவிட உசத்தி என்று கடைக்காரரே நம்புகிறார். இது வரிசை எண் இல்லை, வேலை வேறு, மருந்து வேறு என்று சொல்லிப் பார்த்தேன், ஏறவில்லை. இன்னொரு கடையில் லூஸ் ஆயில் அளந்து தருகிறேன் என்றார்கள். லூஸில் வாங்கவே வாங்காதீர்கள். எந்த டிரம், எந்த கிரேடு, எத்தனை நாள் திறந்து கிடந்தது என்று யாருக்கும் தெரியாது.

மதுரை வரை போயும் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பி, கடைசியில் பக்கத்திலேயே ஒரு டிராக்டர் உதிரிபாகக் கடையில் கிடைத்தது. சீல் உடையாத கேன், 80டபிள்யூ-90, ஜிஎல்-4. அந்தக் கடைக்காரர் ஜிஎல் எண்ணைக் கேட்டதும் மறுபேச்சு இல்லாமல் எடுத்து வைத்தார், கும்பிடத் தோன்றியது. ஆனால் கவனம்: அதே அலமாரியில் ஆயில் பிரேக் டிராக்டருக்கான ஆயிலும் இருக்கும். ஹைட்ராலிக், பிரேக், கியர் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் செய்த ஆயில் அது. அது நமக்கு வேண்டாம். சில கேன்களில் ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டுமே போட்டிருக்கும், வண்டிப் புத்தகம் ஒத்துக்கொண்டால் மட்டும் அதை வாங்குங்கள்.

மாற்றும் வேலையை வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்து, பக்கத்திலேயே நின்றேன். அவர் பானாவை எடுத்துக்கொண்டு நேராக, ஆயிலை வடிக்கிற கீழ் நட்டான டிரெயின் நட்டுக்குப் போனார். “அண்ணே, முதல்ல லெவல் நட்டைக் கழட்டுங்க” என்று தடுத்தேன். ஆயில் ஊற்றவும் மட்டம் பார்க்கவும் மேலே இருக்கிற நட்டு அது. எதற்கு என்றார். கழற்றப் பார்த்தால் தெரிந்தது: லெவல் நட்டு அசையவே இல்லை, துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. கீழே வடித்துவிட்டு மேலே திறக்க முடியாமல் போயிருந்தால் ஆயிலே இல்லாத கியர் பாக்ஸோடு வண்டி அங்கேயே நின்றிருக்கும். துரு இளக்கும் ஸ்பிரே அடித்து, ஊற விட்டு, சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி ஒருவழியாக நகர்ந்தது. “நல்லவேளை தம்பி” என்று அவரே சொன்னார். போன முறை ஆயில் மாற்றியதாகச் சொன்னவர்கள் எந்த வழியாக ஊற்றினார்கள் என்ற கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்திருந்ததால் ஆயில் சூடாக, தாராளமாக இறங்கியது. டிரெயின் நட்டின் காந்தத்தைத் துணியால் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தோம். சாம்பல் நிறத்தில் வழவழவென்று பசை ஒட்டியிருந்தது. அது இருக்கலாம், பல் தேயும்போது வரும் இரும்புப் பொடி அது. விரலில் நெருடுகிற சில்லு இல்லை, அந்த மட்டும் நிம்மதி. ஆனால் பித்தளை காந்தத்தில் ஒட்டாது. தட்டில் இறங்கிய ஆயிலைச் சாய்த்துப் பார்த்தபோது பொன் நிறத்தில் மினுமினுவென்று துகள் மிதந்தது. அதுதான் எங்கள் சின்க்ரோ ரிங். பார்த்ததும் வயிறு எரிந்தது.

கிரவுனைத் திறந்தால் அங்கே வேறு பிரச்சினை. ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தது, தண்ணீர் இறங்கிவிட்டது. ஆக்சில் மேல் இருக்கிற, காற்று போய் வருகிற சின்ன ஓட்டையான பிரீதரைச் சேறு அடைத்திருந்தது. ஓடிச் சூடான ஆக்சிலோடு ஓடைத் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சட்டென்று சுருங்கும். பிரீதர் வழியாகக் காற்று வர முடியாவிட்டால் ஆயில் சீல் ஓரமாகத் தண்ணீரைத்தான் இழுக்கும். மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்கள் மழைக்காலம் முடிந்ததும் கிரவுன் லெவல் நட்டைக் கழற்றி ஆயில் நிறத்தைப் பார்த்துவிடுங்கள். வெளுத்திருந்தால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

புது வாஷர் போட்டு, சமதளத்தில் நிறுத்தி, கைப்பம்பால் ஏற்றினோம். லெவல் ஓட்டையின் விளிம்பு வரை வந்து லேசாக வழிந்தால் நிறுத்தலாம். ஒரு பக்க ஜாக்கி போட்டுச் சாய்ந்த நிலையில் ஊற்றினால் அளவு தப்பும்.

இப்போது வண்டி சூடானதும் இரண்டாம் கியர் சத்தமில்லாமல் விழுகிறது. காலைக் குளிரில் மட்டும் முதல் சில தடவை இன்னும் உரசுகிறது. கரைந்த பித்தளை திரும்பி வராது, என்றைக்காவது கியர் பாக்ஸை இறக்கி ரிங் மாற்றத்தான் வேண்டும். அதுவரை ஓடும் என்றார் மெக்கானிக்.

பில்லில் இந்த முறை பிராண்டு, கிரேடு, ஜிஎல் எண், லிட்டர் நான்கையும் எழுதி வாங்கினேன். நீங்களும் கேட்டு வாங்குங்கள். காலி கேனையும் வண்டி வெளியே வரும் முன் கண்ணால் பார்த்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன ஆயில் எதுவுமே பொருந்தாது. அதற்கு ஏடிஎஃப் என்கிற ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் தனி, அதிலும் கம்பெனி குறிப்பிட்ட வகைதான். எல்லாவற்றுக்கும் ஒரே டிரம் வைத்திருக்கிற இடத்தில் அந்த வண்டியை விடவே விடாதீர்கள்.