கரண்ட் போனாலும் ஓடும் நோட்புக்

கொருக்குப்பேட்டை வீட்டில் என்னிடம் இருப்பது 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். பெரிய சிஎஸ்வி (அட்டவணைத் தரவு) ஃபைல் ஒன்றைத் திறந்தாலே மூச்சு வாங்கும். அதனால் மாத வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்து, அதில் ஜூபிட்டர் (பிரவுசரிலேயே பைத்தான் எழுதி ஓட்டும் நோட்புக்) போடலாம் என்று இறங்கினேன்.

சர்வரில் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ். எடுத்த எடுப்பிலேயே, பைத்தான் மென்பொருள்களை நிறுவித் தரும் பிப் மறுத்துவிட்டது: இது சிஸ்டத்தின் பைத்தான், இதில் கை வைக்காதே என்று. சரி என்று சிஸ்டத்தைத் தொடாத தனி பைத்தான் இடமாக ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் அமைத்து, அதற்குள் ஜூபிட்டர்லேப் போட்டேன்.

அப்புறம்தான் விவகாரம். ஜூபிட்டர் ஓடுவது 8888 போர்ட்டில் (இணைப்பு வரும் வாசலின் எண்); சர்வருக்குள்ளிருந்து வருபவர்களுக்கு மட்டுமே கதவு திறக்கும். "ஜூபிட்டர் கேட்கும் முகவரியை 0.0.0.0 என்று மாற்றிவிடு, எங்கிருந்தும் திறக்கலாம்" என்றான் நண்பன். எங்கிருந்தும் என்றால் யாரும் வந்து தட்டலாம். டோக்கன் (ஜூபிட்டருக்குள் நுழையும் ரகசியச் சாவி) சிக்கினால் சர்வரே போச்சு, உள்ளே சர்வருக்குக் கட்டளை கொடுக்கும் டெர்மினலே இருக்கிறதே! தீபாவளிக் கூட்டத்தில், கடைத்தெருவான எம்.சி. ரோட்டில் கல்லாவைத் திறந்துபோட்டுவிட்டு டீ குடிக்கப் போவது மாதிரி. நான் எஸ்எஸ்எச் (சர்வருக்குள் நுழையும் பாதுகாப்பான இணைப்பு) வழியே லேப்டாப் போர்ட்டை சர்வர் போர்ட்டோடு சேர்க்கும் டனலையே எடுத்தேன். கட்டளையில் சேர்த்தது: மைனஸ் எல், 8888:லோக்கல்ஹோஸ்ட்:8888.

பிரவுசரில் ஜூபிட்டர் வந்தது. ஆனால் அதில் இருந்தவை என் லேப்டாப்பின் பழைய ஃபைல்கள்! லேப்டாப்பிலும் ஒரு ஜூபிட்டர் அதே 8888-இல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. போர்ட் காலியில்லை என்று எஸ்எஸ்எச் ஒரு வரி சொல்லியிருந்தது, நான்தான் படிக்கவில்லை. இடப்பக்க எண் லேப்டாப்புடையது, வலப்பக்கம் சர்வருடையது. இடப்பக்கத்தை 8890 ஆக்கியதும் சரியானது.

அன்றிரவு, தரவிலிருந்து சுற்றுச் சுற்றாகக் கற்கும் ஒரு மாடலை ஓடவிட்டுச் சாப்பிடப் போனேன். கரண்ட் போனது, ரவுட்டரும் அணைந்தது. மூன்று மணி நேர வேலை காலி. "இன்னாண்ணா, சர்வர் வேற ஊர்ல இருக்குதுன்ன? இங்க கரண்டு போனா அங்க இன்னா ஆச்சு?" என்றான் தம்பி. நியாயமான கேள்விதான். சர்வருக்கு ஒன்றும் ஆகவில்லை. எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்ததும் அதில் தொடங்கிய ஜூபிட்டரும் கூடவே செத்துவிட்டது.

மறுநாள், இணைப்பு அறுந்தாலும் உள்ளே ஓடுவதை விடாமல் ஓட்டும் டிமக்ஸுக்குள் ஜூபிட்டரைத் தொடங்கி, கன்ட்ரோல்-பி, டி அழுத்தி வெளியே வந்தேன். டனலை மறுபடி போட்டு நோட்புக்கை ஓடவிட்டு, வேண்டுமென்றே ரவுட்டர் பிளக்கைப் பிடுங்கினேன். திரும்பச் சேர்ந்தபோது வேரியபிள்கள் (நோட்புக் நினைவில் வைத்திருந்த மதிப்புகள்) எல்லாம் அப்படியே இருந்தன. இடையில் பிரின்ட் ஆனவை மட்டும் திரையில் இல்லை. இப்போது மாடலின் ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் லாக் ஃபைலில் எழுத வைத்திருக்கிறேன்.

நேற்று ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். கூட்ஸ் வண்டி போய் முடிவதற்குள் போனில் எஸ்எஸ்எச் திறந்து பார்த்தேன். 41-ஆவது சுற்று ஓடிக்கொண்டிருந்தது.